டீசலாகிப் போன புளிமாவு

ஈசல்மி,
ஜனவரி 20, செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய மச்சான் வில்யோ அவர்களுக்கு, தங்கள் தங்கை ஹெல்காவைக் கட்டிய தைஸ்தோ ரூஸ்கனென் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எழுதுவது. இவ்விடம் நானும் நாயும் மகள் மெர்வியும் அவளுடைய இரண்டு பால் லாரிகளும் சௌக்கியம். அவ்விடம் தங்கள் சௌக்கியத்தையும், தங்கள் வீட்டம்மா சில்வி அக்காவின் முழங்கால் சௌக்கியத்தையும், தாங்கள் போன வருஷம் வாங்கிய மின்சாரக் காரின் சௌக்கியத்தையும் அறிய ஆவல். இங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு. அங்கே நூர்மெஸில் இன்னும் இரண்டு டிகிரி கூடவே இருக்கும். எதிலும் எங்களைவிட இரண்டு டிகிரி கூட இருப்பதுதானே தங்கள் வழக்கம். மரியாதையாகத்தான் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏழு மாதமாகப் பேசாத ஆள் திடீரென்று கடிதம் எழுதுகிறானே, யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று பதற வேண்டாம். இதுவரை யாரும் சாகவில்லை. விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். எனக்கு உடனே ஒரு கைப்பிடி புளிமாவு வேண்டும். தங்கள் வீட்டுப் புளிமாவு. கறுப்பு ரொட்டி பிசையும்போது பொங்குவதற்காகப் போடுகிற, புளிக்கவைத்த அந்த ரை தானிய மாவு, ஹெல்கா கல்யாணமாகி வந்தபோது தங்கள் அம்மா பாதியைக் கிள்ளி அவளிடம் கொடுத்துவிட்டு மீதியைத் தங்களிடம் வைத்தார்களே, அதே மாவு. வியாழக்கிழமைக்குள் வேண்டும். வியாழக்கிழமை ஹெல்கா கனேரித் தீவிலிருந்து திரும்புகிறாள். போஸ்டில் அனுப்ப வேண்டாம், அது ஈஸ்டருக்குத்தான் வந்து சேரும். போனும் செய்ய வேண்டாம். தாங்கள் போனில் பேசினால் ஏரிக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கும் கேட்கும். சில்வி அக்கா காதில் விழுந்தால் ஹெல்கா காதில் விழுந்த மாதிரிதான். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் என் சிநேகிதர் கௌக்கோ, மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறார். நாளைக்கு உங்கள் பக்கம் லோடு. வாயே திறக்காத மனுஷர், முழுக்க நம்பலாம்.

எப்படி இந்த நிலைமைக்கு வந்தேன் என்று சொல்ல வேண்டுமென்றால் தங்கள் ஏரிக்கரை வீட்டில் நடந்த அந்த நடுக்கோடைத் திருநாளிலிருந்து தொடங்க வேண்டும். கார் ரிப்பேர் என்று நான் பால் லாரியிலேயே வந்தேன், சில்வி அக்கா படகுத்துறையில் உட்கார்ந்து மூன்று நாளாகத் தேய்த்துத் தேய்த்துத் துவைத்த கம்பளங்களெல்லாம் வேலியில் காய்ந்துகொண்டிருந்தன, நான் லாரியைத் திருப்பும்போது பின்பக்கப் புகைக்குழாய் நேராக அந்த வேலியைப் பார்த்து நின்றுவிட்டது. வேண்டுமென்றே செய்யவில்லை. கம்பளம் கறுத்தது வாஸ்தவம். அதற்குத் தாங்கள் சவுனாவில் ஆவி பிடித்துக்கொண்டிருந்தபோது எல்லார் முன்னாலும் "மாப்ள, உங்க லாரி இருமுற இருமலைப் பாத்தா டாக்டர்ட்ட காட்டணும் போல இருக்கே" என்று சொன்னீர்கள். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "உங்க கார் காரே இல்ல மச்சான், சக்கரம் வச்ச மிக்ஸி" என்று நானும் சொல்லிவிட்டேன். தாங்கள் தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு வெளியே போனீர்கள். நான் சாசேஜ்கூடத் தின்னாமல் வண்டியை எடுத்தேன். வீடு வருகிற வரைக்கும் ஹெல்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள், நூறு கிலோமீட்டருக்கு மேல், ஒரு வார்த்தை கிடையாது. அன்றிலிருந்து நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இலையுதிர்காலத்தில் மெர்வி ஒரு காரியம் செய்தாள். நாற்பது வருஷம் நான் ஓட்டிய கம்பெனி, இப்போது அவள் பேரில் இருக்கிறது என்பதற்காக என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு லாரிக்கும் புது டீசல் போட ஆரம்பித்துவிட்டாள். நான் கேனைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் மாதிரி இருக்கிறது. மோந்து பார்த்தேன், வாசனையே இல்லை.

"ஏம்மா, தண்ணியை ஊத்தி உன் தலையில கட்டிட்டானுங்கம்மா" என்றேன்.

"தண்ணி இல்லப்பா. பொரிச்சு மிஞ்சுன எண்ணெய், கசாப்புக் கடையில கழிக்கிற கொழுப்பு, மீன் கழிவு, இதையெல்லாம் சுத்தம் பண்ணி அசல் டீசலாவே ஆக்கிடுறாங்க. எஞ்சின்ல ஒரு ஆணிகூட மாத்த வேணாம்."

"அப்ப புகை?"

"கம்மியா வரும். பூமிக்கடியில கோடி வருஷமா கெடந்த கரியைத் தோண்டி எடுத்து வானத்துல விடறதில்லையே. ஏற்கெனவே புல்லுலயும் பன்னியிலயும் மேல சுத்திக்கிட்டிருந்ததுதான் திரும்பச் சுத்துது. எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சுப் பாத்தா கரிவாயு பத்துல எட்டுப் பங்கு குறையுதுங்கறாங்க. பால் கம்பெனி அதைத்தான் கேக்குது. மாத்தலைன்னா ஏப்ரல்லேர்ந்து வேற லாரியைப் பாத்துக்குவாங்க."

"பன்னியா? என் லாரியில பன்னியா?"

"என் லாரிப்பா" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அப்படியே அவளுடைய அம்மா.

மச்சான், நான் என்ன பாடுபட்டேன் என்று தங்களுக்குத் தெரியாது. நாற்பது வருஷமாக என் மேல்கோட்டு டீசல் நாற்றம் அடிக்கும் என்று ஹெல்கா அதைக் கொட்டகையில் தனி ஆணியில் மாட்டச் சொல்வாள். அக்டோபரில் ஒரு நாள் நான் மாற்று டிரைவராக ஓட்டிவிட்டு வந்தேன், அவள் கோட்டை மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே ஹாலிலேயே மாட்டினாள், அன்று எங்கள் நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது. வாசலிலேயே நிறுத்திக் குரைத்தது. சொந்த வீட்டில் நான் யாரென்று ஒரு நாய்க்கு நிரூபிக்க வேண்டியதாகிவிட்டது. கடையிலும் சர்ச் முடிந்து காப்பி குடிக்கிற இடத்திலும் போகிற இடமெல்லாம் நான் இந்த டீசலைக் கரித்துக் கொட்டினேன். குளிர்காலம் வரட்டும், அப்போது தெரியும் சேதி என்றேன்.

குளிர்காலம் வந்தது. டிசம்பர் பத்தாம் தேதி காலையில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று. மெர்வியின் டிரைவருக்குக் காய்ச்சல், நான்தான் போக வேண்டும். பதினான்கு பண்ணையில் பால் தொட்டி நிறைந்து நிற்கிறது, மாட்டிடம் போய் நாளைக்குக் கற என்று சொல்ல முடியுமா? லாரி கிளம்பாது என்று எனக்கு நிச்சயம். மெர்வியிடம் என்னென்ன சொல்லிக் காட்டலாம் என்று படியேறும்போதே மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது, மச்சான். ஒரு முக்கல் இல்லை, முனகல் இல்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் என் பழைய போட்டிக்காரன் என்சியோ, லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு, மனைவியின் தலைமுடி உலர்த்துகிற மெஷினால் குழாய்க்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தான். இலையுதிர்காலத்தில் வாங்கி வீட்டுத் தொட்டியில் நிரப்பிவைத்த டீசலையே ஊற்றியிருக்கிறான், உள்ளே மெழுகாக உறைந்துவிட்டது.

"டேய் தைஸ்தோ, எதைடா ஊத்துன?" என்று கீழே இருந்தபடியே கத்தினான்.

"பன்னி!" என்று நானும் கத்தினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பெருமையாக ஒரு வார்த்தையைச் சொன்னதில்லை.

அன்று பதினான்கு பண்ணையும் முடித்து, போகிற வழியில் என்சியோவின் எட்டுப் பண்ணைப் பாலையும் எடுத்துக்கொடுத்தேன். சாயங்காலம் மெர்வியிடம் "டீசல் பரவாயில்ல" என்றேன். அவள் "அப்பா, இதுல ஒரே ஒரு பிரச்சினைதான். எல்லா லாரிக்கும் போடற அளவுக்குக் கழிவுக் கொழுப்பு உலகத்துல கெடையாது. அதான் ஒவ்வொரு டப்பாவும் முக்கியம்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அதைக் கேட்ட மாத்திரத்தில் எனக்குள் ஏதோ புகுந்துகொண்டது. பாதிரியார்களுக்கு இப்படித்தான் அழைப்பு வரும்போலிருக்கிறது.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் பன்றித் தொடை வாட்டிய தட்டில் வடிந்த கொழுப்பை ஆறவைத்து, காலிப் பால் அட்டை டப்பாவில் ஊற்றி, கடை வாசலில் இருக்கிற பெரிய தொட்டியில் கொண்டுபோய்ப் போடுகிற வழக்கம் ஊரெங்கும் இருப்பதுதான். போடுகிறவர்கள் போடுவார்கள், மறப்பவர்கள் மறப்பார்கள். இந்த வருஷம் நான் யாரையும் மறக்க விடவில்லை. உதைத்துத் தள்ளுகிற பனிவண்டியில் ஒரு கூடையைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். மணியடித்து "வந்தனம், உங்க கொழுப்பு எங்கே?" என்பேன். சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவர் மனைவி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "தைஸ்தோ, இதைக் குழம்புக்கு வச்சிருக்கேன்" என்றார்கள். "அம்மா, இந்தக் குழம்பு உங்களை மேஜையிலேர்ந்து சோபா வரைக்கும் கொண்டுபோகும். என்கிட்ட குடுத்தா பாலை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோகும்" என்றேன். அவர்கள் அழுதுகொண்டே கொடுத்தார்கள். அழுகை இல்லை, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். என்சியோ வீட்டில் அடுப்பிலிருந்து தொடையை எடுப்பதற்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். மொத்தம் அறுபது டப்பா. அறுபது டப்பாவில் எவ்வளவு தூரம் போகும் என்று மெர்வியைக் கேட்டேன். லாரி என்றால் நூர்மெஸுக்குப் பாதி வழி போகும் என்றாள். மீதிப் பாதிக்குக் கொழுப்பு தாங்கள்தான் தர வேண்டும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன், சொல்லத்தான் ஆளில்லை.

ஹெல்கா ஜனவரி இரண்டாம் தேதி பாடகர் குழுத் தோழிகளோடு மூன்று வாரத்துக்குக் கனேரித் தீவு புறப்பட்டாள். போகும்போது "ஃப்ரீசரை அடுக்கி வச்சிருக்கேன், கலைக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள். இரண்டு நாள் கழித்து ஊர்ப் பத்திரிகையிலிருந்து கேமராவோடு ஒரு பெண் கடை வாசலுக்கு வந்துவிட்டது. ஊரிலேயே அதிகம் சேர்த்தவர் என்று எனக்கு ஒரு பிளாஸ்க் பரிசு. "உங்க வீட்டு டப்பாவைக் கையில பிடிச்சுக்கிட்டு நில்லுங்க சார்" என்றது அந்தப் பெண். அறுபது டப்பாவில் என் வீட்டு டப்பா ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, பனிவண்டி ஓடியது. வீட்டுக்கு வந்து, கொட்டகையில் ஃப்ரீசரைத் திறந்து, மேலே அடுக்கியதைக் கலைக்கக் கூடாதே என்று ஓரமாகக் கையை விட்டுத் துழாவினேன். அடி மூலையில் பனி மூடி ஒரு பால் டப்பா. எடுத்தேன், ஓடினேன், தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன், படம் எடுத்தார்கள். "ஈசல்மியின் கொழுப்பு மன்னர்" என்று போட்டு அரைப் பக்கம். அந்த டப்பாவையும் தொட்டியில் போட்டேன். அந்தத் தொட்டியை ஏற்றிக்கொண்டு லாரி தெற்கே சுத்திகரிப்பு ஆலைக்குப் புறப்பட்டபோது பிளாஸ்கைத் தூக்கிக் காட்டி வழியனுப்பியவனும் நான்தான்.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை ஹெல்கா போன் செய்தாள். "வெயில் நல்லா இருக்கு. வியாழக்கிழமை மாவு பிசையணும். சனிக்கிழமை பால் கம்பெனிக்காரங்க கையெழுத்துப் போட வர்றாங்கன்னு மெர்வி சொன்னா. காப்பியோட நம்ம ரொட்டி வைக்கணும். பேப்பர்ல உங்க படம் பாத்தேன்." அவ்வளவுதான், வைத்துவிட்டாள். வருகிறவளுக்கு உதவியாக இருக்கட்டுமே, புளிமாவை இப்போதே எடுத்து வெளியே வைத்தால் பனி இளகியிருக்குமே என்று நல்லபிள்ளையாக ஃப்ரீசரைத் திறந்தேன். புளிமாவையும் அவள் காலிப் பால் டப்பாவில்தான் போட்டு வைப்பாள். மேலேயே ஒரு பால் டப்பா. பிரித்துப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இந்தக் கிறிஸ்துமஸின் பன்றிக் கொழுப்பு. மொத்த ஃப்ரீசரையும் தரையில் கொட்டினேன். பட்டாணி, பெர்ரி, பெர்ச் மீன், மறுபடியும் பெர்ரி. வேறு டப்பா இல்லை. அப்படியென்றால் நான் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தது எது? ஃப்ரீசர் மூடி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது, கால்சட்டை ஒட்டிக்கொண்டுவிட்டது. உங்கள் தங்கை எதிலும் பேர் எழுதி ஒட்டமாட்டாள், மச்சான். "வீட்டுல எது என்னன்னு தெரியாதவருக்கு எழுதி வச்சா மட்டும் தெரிஞ்சிருமா?" என்பாள். அவள் மேலும் கொஞ்சம் தப்பு இருக்கிறது என்று வையுங்கள். வேண்டாம், வைக்க வேண்டாம், அடித்துவிடுங்கள் அந்த வரியை.

திங்கள்கிழமை காலை ஆலைக்குப் போன் போட்டேன். ஒரு பெண்மணி எடுத்தார். பொறுமையான குரல்.

"அம்மா, நீங்க டீசல் ஆக்குற கொழுப்புல எங்க வீட்டு மாவு வந்துருச்சு."

"எந்த மாதிரி மாவுங்க?"

"புளிமாவும்மா. உயிருள்ள மாவு."

"இப்ப உயிரோட இருக்காதுங்க" என்றார். நல்ல பெண்மணி, வருத்தமாகத்தான் சொன்னார்.

"அது டீசல்ல கலந்து, லாரி டாங்கிக்குள்ள பொங்கிடாதே?"

"பொங்காதுங்க. வர்றதை வடிகட்டிட்டுத்தான் உள்ளயே விடுவோம். உங்க வீட்டுல பெரியவங்க யாராவது கூட இருக்காங்களா?" என்று கேட்டார். நான்தான் பெரியவன் என்று சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

பிறகு செய்யாத முயற்சி இல்லை. என்சியோ மனைவியிடம் அவர்கள் புளிமாவில் கொஞ்சம் கேட்கலாம் என்று போனேன், அதை மோந்து பார்த்தேன், வேறு வீட்டு வாசனை. ஹெல்கா ஒரு மைல் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். நானே ரை மாவும் தண்ணீரும் கலந்து கணப்புப் பக்கத்தில் வைத்தேன். இன்றைக்குக் காலையில் அது ஒரு குமிழி விட்டது. சந்தோஷத்தில் நாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாய் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டது. மெர்வியிடம் சொல்லவே முடியாது. அவளுக்குத் தெரிந்தால் அடுத்த நிமிஷம் அவள் அம்மாவுக்குத் தெரியும்.

எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். ஒளிக்காமல் சொல்கிறேன். அவள் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், முப்பத்தெட்டு வருஷமாக வாங்காததா. ஆனால் இதற்கு அவள் திட்டமாட்டாள். ஒன்றும் சொல்லாமல் கடைக்குப் போய் ரொட்டி வாங்கிவந்து மேஜையில் வைப்பாள். நான் அந்த ரொட்டியைத் தின்ன வேண்டும், அவள் நான் தின்பதைப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை பால் கம்பெனிக்காரர்களும் அதையே தின்பார்கள். பிறந்த வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்தது ஒரு சூட்கேஸும் அந்த மாவும்தான். சூட்கேஸை நான் எண்பத்தொன்பதிலேயே லாரி பேட்டரியை உள்ளே வைத்து எடுத்துப்போய் ஆசிட் கொட்டிக் கெடுத்துவிட்டேன். மிச்சம் இருந்தது மாவு ஒன்றுதான்.

ஆகவே கேட்கிறேன். அதற்கு விலையாக, நடுக்கோடையில் தங்கள் காரைச் சக்கரம் வைத்த மிக்ஸி என்று சொன்னதற்கு வருந்துகிறேன். கம்பளத்துக்கும் வருந்துகிறேன், சில்வி அக்காவிடம் அதைத் தனியாகச் சொல்லவும். லாரி இருமியது உண்மை. நான் பழைய டீசலுக்காக வரிந்து கட்டிக்கொண்டு நின்றேன் என்றால், அது டீசலுக்காக இல்லை, அந்த நாற்றம் இல்லையென்றால் நான் யார் என்று எனக்கே தெரியாமல் போய்விடுமோ என்றுதான். இப்போது மெர்வியின் லாரி இருமுவதில்லை. தாங்கள் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த வார்த்தையை எழுதவே மூன்று காகிதம் கிழித்தேன், இது நாலாவது.

மாவை ஒரு காலிப் பால் டப்பாவில் போட்டு, மேலே பேர் எழுதி ஒட்டி, பழைய பேப்பரில் சுற்றிக் கௌக்கோவிடம் கொடுக்கவும். என் படம் வந்த பேப்பர் வேண்டாம். லாரிக்குள் சூடாக வைத்தால் பொங்கிவிடும், வெளியே கட்டினால் கல்லாகிவிடும், சீட்டுக்குப் பின்னால் அவருடைய கையுறைகளுக்கு நடுவில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு ஒரு காப்பி கொடுங்கள், இரண்டாவது காப்பி கேட்டால் அதையும் கொடுங்கள். எந்தக் காரணம் கொண்டும் ஹெல்கா கண்ணில் இந்தக் கடிதம் படக்கூடாது. படித்ததும் சவுனா அடுப்பில் போட்டுவிடவும்.

சில்வி அக்காவுக்கும், அவர்கள் முழங்காலுக்கும், தங்கள் காருக்கும் என் அன்பான வணக்கங்கள். ஏரி உறைந்த பின் மீனெல்லாம் தாங்கள் பனிக்கட்டியில் போடும் துளைக்கே வந்து சேரட்டும், விறகு வசந்தம் வரைக்கும் காணட்டும், கூரை மேல் பனி பாரமாக இல்லாமல் இருக்கட்டும்.

என்றும் தங்கள் அடங்கிய மாப்பிள்ளை,
தைஸ்தோ

பி.கு.: அண்ணா, இதை எழுதுவது ஹெல்கா. நான் புதன்கிழமை காலையிலேயே வந்துவிட்டேன். வியாழக்கிழமை மாவு பிசைவேன் என்றுதான் சொன்னேன், வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லவில்லை. ஸ்டேஷனில் கௌக்கோ நின்றிருந்தார். பெட்டியை லாரியில் ஏற்றுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். இதை லாரியில் உட்கார்ந்தபடியே படித்தேன்.

புளிமாவு பத்திரமாக இருக்கிறது. புயல் வந்தால் கரண்ட் போய்விடும், இவரையும் நம்ப முடியாது என்று கிளம்பும்போதே மெர்வி வீட்டில் வைத்துவிட்டேன். இவர் தூக்கிக் காட்டிய டப்பா முந்தின கிறிஸ்துமஸ் கொழுப்பு. "கடை வாசல்ல போட்டுட்டு வாங்க" என்று நான் கொடுத்ததை, அப்போது கொழுப்புச் சேர்ப்பதெல்லாம் வெட்டிவேலை என்று இருந்ததால், ஃப்ரீசர் அடியில் ஒளித்து வைத்துவிட்டு, போட்டுவிட்டேன் என்று சொல்லி, பிறகு அதைத் தானே மறந்தும்விட்டார். நான் அதைப் போன பிப்ரவரியிலேயே பார்த்துவிட்டேன். மாவு இருக்கிறது என்று இவருக்கு இன்னும் சொல்லவில்லை, சனிக்கிழமை வரை சொல்வதாகவும் இல்லை, மெர்வி வீட்டிலேயே பிசைந்துகொள்கிறேன். மெர்வி சொன்னாள், தரையெல்லாம் துடைத்து, ஜன்னல்கூடக் கழுவியிருக்கிறாராம், இந்தக் குளிரில்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். இவர் படம் பேப்பரில் வந்த மறுநாள், நீயும் உங்கள் ஊர்க் கடை வாசலில் ஒரு டப்பாவைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டாய் என்றும், அந்த டப்பாவில் இருந்தது உன் புளிமாவு என்றும், அன்றிலிருந்து நீ கடை ரொட்டி தின்கிறாய் என்றும் சில்வி அண்ணி எனக்குத் தீவுக்கே போன் செய்து சொல்லிவிட்டார்கள். மெர்வியிடமிருந்து வாங்கி ஒரு கைப்பிடி மாவைக் கௌக்கோவிடம் கொடுத்திருக்கிறேன், கையுறைக்குள் இருக்கிறது. ஆனால் உடனே தரமாட்டார். நீயும் இவருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி அவர் கையில் கொடு. இவர் எழுதியதைவிட ஒரு வரி கூட இருக்க வேண்டும். கௌக்கோ இரண்டாவது காப்பி குடிக்கும் வரைதான் உனக்கு நேரம்.